கான்ஸ்டபிளின் வானமும் பச்சையும்: கேள்வி பதில்

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். கேட்டவர்களில் வரைகிறவர்கள் அதிகம் என்பதால் செய்முறைக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: 'தி ஹே வெயின்' படத்தில் வைக்கோல் வண்டி ஏன் தண்ணீருக்குள் நிற்கிறது? வைக்கோலையே காணோமே?

பதில்: முதலில், அது வைக்கோல் இல்லை. கதிரடித்த பின் மிஞ்சுகிற தாள்தான் வைக்கோல். 'ஹே' என்பது அறுத்து வெயிலில் காயவைத்த புல். அதை ஏற்றிவரத்தான் வண்டி காலியாகப் போகிறது. படத்தின் வலது பக்கம், தூரத்துப் புல்வெளியைப் பாருங்கள்: ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பது புள்ளி புள்ளியாகத் தெரியும். இடம் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஸ்டூர் ஆற்றங்கரை. பக்கத்திலிருக்கும் ஃபிளாட்ஃபோர்ட் ஆலை ஓவியரின் அப்பா கோல்டிங் கான்ஸ்டபிளுடையது. இடது பக்கத்து வீடு வில்லி லாட் என்ற விவசாயியுடையது, இன்றும் நிற்கிறது. ஆழமில்லாத துறை என்பதால் வண்டி ஆற்றில் இறங்கியே கடக்கலாம். வெயிலில் மரச்சக்கரம் சுருங்கினால் இரும்புப் பட்டை தளர்ந்துவிடும், அதற்காக நனைக்கிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

படம் 1821-ல் லண்டனில் வரையப்பட்டது. வண்டியின் அமைப்பு பிசகக்கூடாது என்று ஊரிலிருந்து ஜானி டன்தோர்ன் என்பவர் வரைந்த கோட்டுப்படத்தை வரவழைத்து வைத்துக்கொண்டார்.

கேள்வி: பெரிய படங்களுக்கு அதே அளவில் ஒரு ஸ்கெட்சும் போட்டார் என்கிறார்களே, இரட்டை வேலை எதற்கு?

பதில்: ஆறடி அகலப் படங்கள் எல்லாமே ஸ்டுடியோவில் செய்தவை. கையில் இருந்ததோ உள்ளங்கை அளவு நோட்டுகளில் போட்ட பென்சில் படங்களும் சின்ன எண்ணெய் ஸ்கெட்சுகளும். அவற்றை அப்படியே கட்டம் போட்டுப் பெரிதாக்கினால் உருவம் வரும், ஆனால் வெளிச்சமும் இருட்டும் எங்கே எவ்வளவு எடை தாங்கும் என்பது தெரியாது. அதை முழு அளவில்தான் சோதிக்க முடியும்.

'தி லீப்பிங் ஹார்ஸ்' (1825) இதற்கு நல்ல பாடம். ஸ்டூர் கரைப் பாதையில் மாடுகள் வேலி தாண்டிப் போகாமலிருக்க சுமார் மூன்றடி உயரத் தடுப்புகள் வைத்திருந்தார்கள். படகு இழுக்கும் குதிரைகளை அவற்றைத் தாண்டப் பழக்கியிருந்தார்கள். அந்தத் தாவலைத்தான் வரைந்தார். முதலில் குதிரைக்கு முன்னால், வலது பக்கம், ஒரு வில்லோ மரத்தண்டு நின்றது. குதிரை பாயும் வழியையே அது அடைத்தது. ராயல் அகாடமி என்ற ஓவியர் சங்கத்தின் கண்காட்சி முடிந்த பிறகும் மனம் ஒப்பாமல், அதே ஆண்டு செப்டம்பரில் அந்தத் தண்டை எடுத்துவிட்டார். மேல்பூச்சுக்கு அடியில் அதன் தடம் இன்னும் தெரிகிறது. லண்டன் ராயல் அகாடமியில் படம் இருக்கிறது, அதன் முழு அளவு ஸ்கெட்ச் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில்.

கேள்வி: என் மரங்கள் எல்லாம் பிளாஸ்டிக் பச்சையாகவே வருகின்றன. அவர் எப்படிச் செய்தார்?

பதில்: ஒரே பச்சையைப் பரப்பியதுதான் உங்கள் சிக்கலாக இருக்கும். கான்ஸ்டபிளின் புல்வெளிப் பச்சை உயிரோடிருப்பதற்குக் காரணம் அது பல பச்சைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தது என்று பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா குறித்துவைத்தார். மிகச் சரியான கணிப்பு.

டியூபிலிருந்து வரும் பச்சையை ஒதுக்கிவையுங்கள். பிரஷ்யன் நீலம், ஒரு பிரகாசமான மஞ்சள், மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெள்ளை, இவை போதும். மஞ்சளை முதலில் எடுத்து, நீலத்தைத் தீக்குச்சித் தலை அளவு சேருங்கள். பிரஷ்யன் நீலம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பதால் மாற்றிச் செய்தால் மஞ்சள் தீரும், பச்சை தேறாது. குறைந்தது ஐந்து கலவை: வெயில் பட்ட இலை, நிழல் இலை, வெளிச்சம் ஊடுருவும் இலை, தூரத்து மரம், காய்ந்த புல். அடிப்பூச்சு வெள்ளையாக இருக்கவேண்டாம். அவர் பெரும்பாலும் செம்பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த அடிப்பூச்சின் மேல்தான் வேலை செய்தார். பச்சைக்கு நடுவே அது எட்டிப்பார்க்கும்போது பச்சை துடிப்பாகும்.

அந்தக் காலத்து ரசிகர்களுக்கு நிலக்காட்சி பழுப்பாக இருக்கவேண்டும். ஓவியச் சேகரிப்பாளர் சர் ஜார்ஜ் போமன்ட் பழைய வயலினின் நிறத்தை உதாரணம் காட்டியபோது, கான்ஸ்டபிள் ஒரு வயலினை எடுத்துப்போய்ப் புல்தரையில் வைத்துக் காட்டினாராம்.

கேள்வி: படமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருக்கின்றனவே, சேதமா?

பதில்: இல்லை, வேண்டுமென்றே வைத்தவை. ஈர இலையிலும் தண்ணீரிலும் மின்னும் ஒளி. விமர்சகர்கள் 'கான்ஸ்டபிளின் பனி' என்று கேலி செய்தார்கள். நீங்கள் செய்தால் கீழ்ப்பூச்சு தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே வையுங்கள், இல்லாவிட்டால் புள்ளி கரைந்து சாம்பலாகிவிடும்.

கேள்வி: மேகம் வரையப் பயிற்சி வேண்டும். அவர் வழியில் எப்படித் தொடங்குவது?

பதில்: 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து நிறைய மேகப் பயிற்சிப் படங்கள் வரைந்தார். பின்பக்கம் தேதி, நேரம், திசை, காற்று எல்லாம் எழுதுவார். 1822 செப்டம்பர் 5 படத்தில் நண்பகல், தென்கிழக்கு நோக்கி, பலத்த காற்று, வேகமாக ஓடும் மேகம், இடையிடையே பளிச்சென்று நீலம் என்ற குறிப்பு இருக்கிறது. இந்தக் குறிப்பை விட்டுவிடாதீர்கள், பயிற்சியில் பாதி அதுதான்.

கெட்டித் தாள், சுமார் 24க்கு 30 செ.மீ. எண்ணெய் நேராகப் பட்டால் தாள் மக்கும், ஆகவே முதலில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு கை. அது காய்ந்ததும் மெல்லிய செம்பழுப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள், அதற்குள் வானமே வேறாகிவிடும். முதல் சில நிமிடத்தில் மேகத்தின் நிழல் பக்கத்தை மட்டும் இடுங்கள். பிறகு நீலம்: உச்சியில் அடர்த்தி, அடிவானம் நெருங்க வெளிறும். வெளிச்சப் பக்கத்துக் கெட்டி வெள்ளை கடைசியில். அதை ஒரே தடவையில் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துவிடுங்கள். தேய்க்கத் தேய்க்க மேகம் பஞ்சு மூட்டையாகும். அவர் பயன்படுத்திய ஈய வெள்ளை நஞ்சு, டைட்டானியம் வெள்ளையே போதும். அது கூடுதலாக மறைக்கும், குளிர்ந்த நிறமும்கூட, ஆகவே ஒரு துளி ஓக்கர் சேருங்கள்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, எல்லா மேகத்தையும் ஒரே அளவில் போடுவது. அடிவானத்தை நெருங்க மேகங்கள் சிறுத்து, அடிப்பாகம் தட்டையாகி, ஒன்றோடொன்று நெருங்கும். வானத்துக்கும் தரைக்கும் அதே தூரக் கணக்குதான்.

கேள்வி: அதே காலத்து நிலக்காட்சி ஓவியர் டர்னரோடு சண்டையாமே?

பதில்: 1832 ராயல் அகாடமி கண்காட்சி. வாட்டர்லூ பாலத் திறப்பு விழாப் படத்தில் கான்ஸ்டபிள் சிவப்பு ஏற்றிக்கொண்டிருக்க, டர்னர் வந்து பார்த்துவிட்டுப் போய், பக்கத்தில் மாட்டியிருந்த தன் சாம்பல் நிறக் கடல் படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். ஒரு பொட்டு பக்கத்துப் படத்தின் சிவப்பையெல்லாம் மங்கவைத்தது. 'வந்து துப்பாக்கி வெடித்துவிட்டுப் போயிருக்கிறார்' என்றாராம் கான்ஸ்டபிள். டர்னர் பிறகு அந்தப் பொட்டை மிதவையாக மாற்றினார். டர்னர் 26 வயதில் அகாடமியின் முழு உறுப்பினர். கான்ஸ்டபிளுக்கு அது கிடைத்தது 52 வயதில், 1829-ல், ஒரே ஓட்டு வித்தியாசத்தில். அதற்கு மூன்று மாதம் முன்புதான் மனைவி மரியா காசநோயில் இறந்திருந்தார். டர்னர் பொட்டைவிட எனக்குக் கனமாகத் தோன்றுவது இந்தத் தேதிதான்.

கேள்வி: ஏலங்களில் வரும் சின்ன கான்ஸ்டபிள் ஸ்கெட்சுகளை நம்பலாமா?

பதில்: கையெழுத்தையும் நடையையும் மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அவருடைய மகன் லயனலும் வரைந்தார். லயனலின் படங்கள் பல நெடுங்காலம் அப்பாவுடையவையாகவே கருதப்பட்டு, 1970-களில்தான் பிரித்தறியப்பட்டன. யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்ற சங்கிலியைக் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மகள் இசபெல் 1888-ல் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த தொகுப்பு இருக்கிறது. இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அதுதான். குடும்பத்திடமிருந்து நேராக வந்தவை என்பதால் கண்ணைப் பழக்க அங்கிருந்து தொடங்குங்கள்.