யார் கையில் கொடுத்தார்கள்?

கேள்வி: இனச் சண்டையும் மதச் சண்டையும் நடக்கிற நாடுகளில் சமாதானம் செய்கிறோம், சீர்திருத்தம் செய்கிறோம் என்று வெளிநாடுகள் பணத்தைக் கொட்டின. இப்போது அமெரிக்காவே தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டை 2025இல் இழுத்து மூடிவிட்டது. இலங்கையில் பேசிப் பேசிப் பணம் கரைந்ததுதான் மிச்சம். ஊரான் வீட்டுச் சண்டையில் நம் மலேசியாவும் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன். ஒவ்வோர் ஊரிலும் என்ன மிஞ்சியது என்று பார்த்துவிடுவோம்.

இலங்கையில் கசப்புதான் மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். 2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று போர்நிறுத்தம் வந்தது. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகள் 450 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, பேச்சுவார்த்தை முன்னேற வேண்டும் என்று நிபந்தனையும் போட்டன. ஏப்ரலிலேயே பேச்சை நிறுத்திவிட்ட புலிகள் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்லை. அப்புறம் சுனாமி நிவாரணம் வேறு வழியில் வந்து குவிய, நிபந்தனையை யாரும் சட்டை செய்யவில்லை.

எனக்கு இன்றும் வயிறு எரிவது 2005இல் நடந்ததை நினைத்துத்தான். சுனாமி நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க அரசாங்கமும் புலிகளும் ஜூனில் ஓர் உடன்பாடு செய்தார்கள். அதன் வட்டாரக் குழுவில் பத்து இடம்: புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசாங்கத்துக்கு இரண்டு. எந்தக் கடற்கரைக்கு எத்தனை படகு, எந்தக் கிராமத்துக்கு எத்தனை வீடு என்று மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். முஸ்லிம்களைக் கையெழுத்துப் போட அழைக்காதது பெரிய தப்பு. ஆட்சிக் கூட்டணியில் இருந்த ஜேவிபி கட்சி எதிர்த்து அரசாங்கத்தைவிட்டே வெளியேறியது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டது. குழு வேலையைத் தொடங்கவே இல்லை. 2008 ஜனவரியில் அரசாங்கம் போர்நிறுத்தத்திலிருந்து விலகியது. 2009 மே மாதத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே சுனாமி அலைதான் இந்தோனேசியாவின் ஆச்சேயையும் அடித்தது. அங்கே 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் கையெழுத்தாகி, கிளர்ச்சிக்காரர்கள் 840 துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். அவற்றை மக்கள் பார்க்கவே அறுத்துப் போட்டார்கள். கண்காணிக்க ஐரோப்பியர்களோடு மலேசியர்களும் போனார்கள். 2006 டிசம்பர் தேர்தலில் முன்னாள் கிளர்ச்சிக்காரர் ஒருவரே ஆளுநரானார். பழைய தளபதிகள் வழியாகக் கொடுத்த பணம் எல்லாப் போராளிகளுக்கும் போய்ச் சேரவில்லை என்ற குறை அங்கும் உண்டு. ஆனாலும் போர் திரும்பவில்லை. இரு தரப்பும் இனிப் போதும் என்று முடிவெடுத்த நேரத்தில் வெளியார் உதவி வந்தது. அந்த முடிவு இல்லாத இடத்தில் 450 கோடியும் எடுபடாது.

மலேசியா நுழைந்தது ஊரான் வீட்டில் என்கிறீர்கள். பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவில் அரசாங்கத்துக்கும் முஸ்லிம் கிளர்ச்சிக்காரர்களுக்கும் நடந்த போருக்குப் பயந்து 1970களிலேயே மக்கள் படகேறி வந்தது நம் சபாவுக்குத்தான். 2001 முதல் பேச்சுக்கு நடுவர், 2004 முதல் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை என்று நாம் அங்கே இருந்தோம். 2008இல் அங்கேயும் உச்ச நீதிமன்றம் ஓர் உடன்பாட்டைத் தள்ளி, மறுபடி சண்டை மூண்டு, லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டு நாம் வந்துவிடவில்லை. 2014இல் முழு உடன்பாடு, 2019இல் மக்கள் வாக்கெடுப்பு, முஸ்லிம் தன்னாட்சி வட்டாரம். 2022இல் நடக்கவேண்டிய அதன் முதல் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, அது எனக்குக் கவலைதான். நாம் அங்கே செலவழித்ததில் பெரும்பங்கு பொறுமை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

சரி, இலங்கைக்கே வருகிறேன். அங்கே கண்ணால் பார்க்கக்கூடிய மிச்சம் ஒன்று உண்டு. 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகள். வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் குத்தகைக்காரரை நம்பாமல், ஒரு வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாயை வீட்டுக்காரர் வங்கிக் கணக்கிலேயே தவணையாகப் போட்டார்கள். வேலை நடந்திருக்கிறதா என்று வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. புருஷனைப் போரில் இழந்த பெண் தானே கொத்தனாரைப் பிடித்து, மணலுக்கு விலை பேசி, தன் வீட்டைத் தானே எழுப்பினாள். பணம் போதாமல் பலர் கடன்பட்டதும் உண்மை. அதில் 4,000 வீடுகள் மலையகத் தோட்டங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தனி வீடு. லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான், அதன் அருமை எனக்குத் தெரியும். சமாதானம் என்ற பெயர்ப்பலகை மாட்டிய திட்டங்களைவிட இதை நான் மேலாக மதிக்கிறேன். பணம் யார் கையில் போகிறது என்பதே என் கேள்வி.

நம் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது எந்த நாடும் நமக்கு உதவிக்கு வரவில்லை. நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். கொடுத்தவரே பங்குதாரர், கணக்குக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

இதை நான் எழுதினால் அடுத்து எங்கே போவேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2005 தொடக்கத்தில் சுனாமிக்கு என்று நம் வட்டாரத்தில் ஒரு சங்கம் வசூல் செய்தது. தோட்டத்துப் பாட்டிமார் சம்பளக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எவ்வளவு சேர்ந்தது, எந்தக் கரைக்குப் போனது என்ற கணக்கு இன்றுவரை அந்த மண்டபச் சுவரில் ஒட்டப்படவில்லை. கேட்டால் பழசைக் கிளறாதே என்கிறார்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்திலும் கேட்கத்தான் போகிறேன். நீங்களும் உறுப்பினர் என்றால் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு பேராகக் கேட்போம்.