முப்பத்தொரு மைல் மலைச்சுற்று: வாசகர் கேள்வி பதில்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வைட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் உள்ள பெமிகெவாசெட் சுற்றுப்பாதையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். லிங்கன் வுட்ஸ் வாகன நிறுத்தத்தில் தொடங்கி, பிராங்கோனியா மலைமுகட்டின் வழியாக ஏறி, பாண்ட் சிகரங்களைக் கடந்து அதே இடத்துக்குத் திரும்பும் வழி அது. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: பாஸ்டனுக்கு அருகில் வசிக்கும் நண்பர்கள் நால்வர் நாங்கள். வார இறுதிகளில் பத்து மைல் நடப்பது வழக்கம். இந்தச் சுற்றை ஒரே நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்களாமே, நாங்களும் முயலலாமா?

பதில்: ஒரே நாளில் வேண்டாம். முடிப்பவர்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மலையில் ஓடிப் பழகியவர்கள், விடியுமுன்பே தலைவிளக்கோடு கிளம்புகிறவர்கள். இந்த வட்டாரத்து மலைநடையர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: மைலுக்கு அரை மணி நேரம், அதன்மேல் ஒவ்வோர் ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் இன்னோர் அரை மணி நேரம். இந்தச் சுற்று ஏறத்தாழ 31 மைல், அதாவது 50 கிலோமீட்டர். ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 9,000 அடியைத் தொடும். அப்படிப் பார்த்தால் இருபது மணி நேரம் வருகிறது; உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடும் நேரம்கூட அதில் சேரவில்லை.

பத்து மைல் நடக்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் எந்தத் தரையில் நடந்து பழகினீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊர் மலைச்சாலைகளைப் போல வளைந்து வளைந்து ஏறும் வழக்கம் இங்குள்ள பழைய பாதைகள் பலவற்றுக்குக் கிடையாது. அவை சரிவில் நேராக ஏறுகின்றன, மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டதால் பாறையும் வேருமே மிஞ்சியிருக்கின்றன. கார்ஃபீல்டு சிகரத்திலிருந்து கிழக்கே இறங்கும்போது ஓரிடத்தில் பாதையும் ஓடையும் ஒன்றாகிவிடும். அங்கே பாறையைப் பார்த்தபடி திரும்பி நின்று, கைக்கு எட்டிய வேரைப் பற்றிக்கொண்டு, அடுத்து மிதிக்க இடம் இருக்கிறதா என்று காலால் துழாவித் துழாவித்தான் இறங்க முடியும். அதற்கு அப்பால் கேல்ஹெட் விடுதியிலிருந்து சவுத் ட்வின் சிகரம் வரையுள்ள தூரம் முக்கால் மைலுக்குச் சற்றே அதிகம். ஏற்றமோ 1,100 அடிக்கும் மேல். முதுகுச் சுமையோடு அந்தச் சிறு துண்டுக்கு ஒரு மணி நேரம் ஆனால் வருத்தப்பட வேண்டியதில்லை. இரண்டு இரவுகள் தங்கி மூன்று நாளில் நடப்பதே உங்களுக்கு ஏற்றது.

கேள்வி: கிரிவலம் போல வலமாகச் சுற்றுவதா, இடமாகவா? இரவில் எங்கே தங்குவது?

பதில்: பொதுவாக வலச்சுற்றையே பரிந்துரைப்போம். ஆஸியோ பாதையில் ஏறி ஃப்ளூம், லிபர்ட்டி, லிங்கன், லாஃபாயெட் சிகரங்களைக் கால்கள் களைக்குமுன் கடந்துவிடலாம். கடைசி ஐந்து மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம் பெரும்பாலும் சமதளமாக அமைந்துவிடும். ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியது வானிலை. லிட்டில் ஹேஸ்டாக் சிகரத்திலிருந்து லாஃபாயெட்டையும் தாண்டி இரண்டு மைலுக்கு மேல், இடியிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. முதல் நாள் இடிமழை என்றும் மூன்றாம் நாள் தெளிவு என்றும் முன்னறிவிப்பு சொன்னால், தயங்காமல் இடமாகச் சுற்றுங்கள்.

வலமாகச் செல்வோருக்குக் கார்ஃபீல்டு முகட்டுக் கொட்டகையும் குயோ முகாமும் இரு இரவுகளுக்குப் பொருந்தும். முதல் நாள் நீளமாகவும் கடினமாகவும் இருக்கும், இரண்டாம் நாள் குறைவு. கூரையும் சமைத்த உணவும் வேண்டுவோர் கேல்ஹெட் விடுதியில் முன்பதிவு செய்துகொள்ளலாம். மரங்கள் எட்டடிக்கும் குட்டையாகிவிடும் உயரத்தில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை.

கேள்வி: பாதி வழியில் முடியாமல் போனால்?

பதில்: வந்த கடிதங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இந்தச் சுற்றின் உண்மையான கடினம் தூரத்தில் இல்லை. நடுவில் விட்டுவிட்டு வருவது எளிதல்ல என்பதில் இருக்கிறது. லிபர்ட்டி ஸ்பிரிங், ஓல்டு பிரைடில் ஆகிய பாதைகள் மேற்கே நெடுஞ்சாலைக்கு இறங்குகின்றன. கார்ஃபீல்டு, கேல் ரிவர் பாதைகள் வடக்கே இறங்குகின்றன. எந்த வழியில் இறங்கினாலும் உங்கள் கார் மலைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். குயோவைத் தாண்டிப் பாண்ட் பக்கம் வந்துவிட்டாலோ, சாலையை அடையக் கிட்டத்தட்ட பத்து மைல் நடந்தே தீர வேண்டும். அங்கிருந்து திரும்புவதைவிடத் தொடர்வதே மேல். ஆகவே லாஃபாயெட்டில் ஒருமுறை, கேல்ஹெட்டில் ஒருமுறை, நால்வரும் உட்கார்ந்து முழங்கால், தண்ணீர், வானம் மூன்றையும் பற்றி ஒளிக்காமல் பேசிவிடுங்கள். குழுவில் மிகவும் களைத்தவர் சொல்வதே முடிவாக இருக்கட்டும்.

அஜாக்கிரதையால் சிக்கிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க இம்மாநிலச் சட்டம் இடம் தருகிறது. அரசு விற்கும் ஹைக் சேஃப் என்ற மலைநடை அட்டையை முன்பே வாங்கியிருந்தால் பெரும்பாலும் அந்தச் சுமை வராது. தனிநபருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர். ஆனால் அறிந்தே விபரீதத்தில் இறங்கியவரை அந்த அட்டையும் காப்பாற்றாது.

கேள்வி: சைவ உணவுக்கு என்ன எடுத்துச் செல்லலாம்? ஜூலையில் குளிருமா?

பதில்: புளியோதரையை முதல் நாளிலேயே தீர்த்துவிடுங்கள். பிறகு சப்பாத்தி, பருப்புப் பொடி, வறுத்த அவல், சத்துமாவு, கடலை மிட்டாய் போதும். கண்ணாடி ஊறுகாய் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இரவில் உணவைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது, ஏனெனில் கருங்கரடிகள் இங்கே உண்டு. முகாமில் உள்ள இரும்புப் பெட்டியிலோ, வனத்துறை அலுவலகங்களில் இரவலாகக் கிடைக்கும், கரடியால் திறக்க முடியாத குடுவையிலோ வையுங்கள். தண்ணீர்தான் கவலை: முகட்டில் ஏறிவிட்டால் கார்ஃபீல்டு கொட்டகை வரை வழியில் நம்பத்தக்க ஊற்று கிடையாது, லிபர்ட்டி ஸ்பிரிங் முகாமுக்குச் சற்று இறங்கி ஏறினாலொழிய. ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்து செல்லுங்கள். கிடைக்கும் நீரை வடிகட்டாமல் குடிக்க வேண்டாம்.

ஜூலையிலும் குளிரும். லாஃபாயெட்டின் உயரம் ஏறத்தாழ 1,600 மீட்டர். கீழே லிங்கன் ஊரைவிட அங்கே எட்டு ஒன்பது பாகை செல்சியஸ் குறைந்திருக்கும், காற்று வேறு. இதே மலைத்தொடரின் வாஷிங்டன் சிகரத்தில்தான் 1934இல் மணிக்கு 231 மைல் வேகக் காற்று பதிவானது. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற பருத்தி ஆடை இங்கே ஆகாது. நனைந்தால் எளிதில் காயாது, உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளியோ செயற்கை இழையோ அணியுங்கள்.

கேள்வி: ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தந்தை ஊரிலிருந்து வருகிறார். அவருக்கு ஏற்ற பகுதி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, அவருக்கென்றே அமைந்தது போல. லிங்கன் வுட்ஸ் பாதை ஒரு பழைய ரயில் தடத்தின் மேல் செல்கிறது. ஆங்காங்கே ஸ்லீப்பர் கட்டைகள் மண்ணிலிருந்து இன்றும் தலைநீட்டுகின்றன. ஜே. இ. ஹென்றி என்ற மரவியாபாரி 1890களில் இந்தப் பள்ளத்தாக்குக்குள் ரயில் போட்டு மலைச்சரிவுகளை மொட்டையாக வெட்டித் தள்ளினார். வெட்டிப்போட்ட கழிவுகளில் பற்றிய தீ 1907இல் பெரும் பரப்பை எரித்தது. இத்தகைய அழிவுகள் எழுப்பிய எதிர்ப்பால் 1911இல் வீக்ஸ் சட்டம் வந்தது, கிழக்கு மாநிலங்களில் காடுகளை அரசு விலைக்கு வாங்கிக் காக்கத் தொடங்கியது. ஆயினும் இந்த ரயில் 1948 வரை மரம் சுமந்தது. 1984இல்தான் சுமார் 45,000 ஏக்கர் பரப்பு வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. இப்போது நாம் காணும் காடு பெரும்பாலும் மரவெட்டுக்கும் தீக்கும் பின் தானாக முளைத்து வளர்ந்ததே.

பிராங்கோனியா அருவி வரை ஒரு வழிக்கு மூன்றேகால் மைல், ஏற்றம் மிகக் குறைவு. அங்கே பாறைகள் வழுக்கும் என்பதால் தந்தையை நீருக்குள் இறங்க விடாதீர்கள். வாகன நிறுத்தத்துக்குச் சிறு கட்டணம் உண்டு. கோடை வார இறுதிகளில் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்வது நல்லது.