அமீலியா ஏர்ஹார்ட் விட்டுச்சென்ற கடிதங்களும் குறிப்புகளும்: கேள்வி பதில்

1937இல் உலகைச் சுற்றிப் பறக்கக் கிளம்பி பசிபிக் கடலில் காணாமல்போன அமெரிக்க விமானி அமீலியா ஏர்ஹார்ட். அவருடைய தனிப்பட்ட காகிதங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நூலகவியல் மாணவி: அவருடைய காகிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, மேடம்?

இல்லை. பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1935இல் அங்கே மாணவிகளுக்கு வேலை, தொழில் பற்றி வழிகாட்டும் ஆலோசகராக அமீலியா சேர்ந்தார். கடைசிப் பயணத்துக்கான லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் வாங்கவும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறக்கட்டளை வழியாகத்தான் பணம் வந்தது. அந்த உறவை மதித்து அவர் கணவர் ஜார்ஜ் பட்னம் 1940இல் காகிதங்களை அங்கே கொடுத்தார். 2002இல் பட்னத்தின் பேத்தி தன்னிடம் இருந்த அந்தரங்கமான கடிதங்களையும் கவிதைகளையும் சேர்த்தார். இவற்றில் நிறைய இப்போது இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அமீலியாவின் அம்மா ஏமி பத்திரப்படுத்திய குடும்பக் கடிதங்கள் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 1934இல் நியூயார்க்கை அடுத்த ரை என்ற ஊரில் இருந்த அவர்கள் வீட்டில் தீப்பிடித்து, பல பொருட்கள் போய்விட்டன. ஒரு காலகட்டத்தின் காகிதம் கிடைக்கவில்லை என்றால், யாரோ மறைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்தத் தீயை நினைவில் வையுங்கள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடம் நிபந்தனைக் கடிதம் கொடுத்தார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1931 பிப்ரவரி 7, கனெடிகட் மாநிலத்தின் நோவாங்க். கல்யாணம் செய்துகொள்ளத் தனக்கு இருக்கும் தயக்கத்தை மறுபடி சொல்கிறார். தனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான வேலையைப் பாதிக்குமோ என்று அஞ்சுகிறார். பழங்காலத்துக் கற்பு விதிகளால் உங்களைக் கட்டமாட்டேன், நீங்களும் என்னைக் கட்ட வேண்டாம் என்கிறார். ஒரு வருடத்தில் சந்தோஷம் கிடைக்காவிட்டால் என்னைப் போகவிட வேண்டும் என்று வாக்குக் கேட்கிறார். இதைத் துணிச்சலுக்காகப் பலர் பகிர்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதில் இருக்கும் நேர்மை. பயத்தையும் மறைக்கவில்லை, பட்னத்தின் மீதான மரியாதையையும் மறைக்கவில்லை.

அஞ்சல்தலை சேகரிப்பவர்: அவர் கடைசி விமானத்தில் தபால் உறைகள் கொண்டுபோனாராமே. இப்போது விலைக்கு வருமா?

பயணச் செலவுக்காக நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடை மூலம் உறைகளை விற்றார்கள். கையெழுத்திட்டது 5 டாலர், இல்லாதது 2.50 டாலர். ஆயிரக்கணக்கான உறைகள் விமானத்தில் ஏறின. விமானத்தோடு அவையும் போயின. எனவே "கடைசிப் பயணத்தில் பறந்து திரும்பிய உறை" என்று யாராவது விற்றால், தயவுசெய்து பணத்தை எடுக்காதீர்கள்.

இந்தியாவுக்கு வந்தாரா? அதைப் பற்றி எழுதியிருக்கிறாரா?

வந்தார். செங்கடல் ஓரத்து அஸாபிலிருந்து எங்கும் இறங்காமல் பறந்து 1937 ஜூன் 15 அன்று அப்போதைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியில் இறங்கினார். அங்கே ஒட்டகச் சவாரியும் செய்தார். 17ஆம் தேதி கல்கத்தாவின் டம்டம். அதற்குள் பருவமழை பிடித்துக்கொண்டது. ஊறிப்போன ஓடுதளத்திலிருந்து பெட்ரோல் பாரத்தோடு எழும்பி, அமீலியாவும் உடன் பறந்த வழிகாட்டி ஃப்ரெட் நூனனும் ஓரத்து மரங்களை மயிரிழையில் தாண்டினார்கள். பர்மாவின் அக்யாபுக்கு அப்பால் மழை அடித்த அடியில் இறக்கைகளின் முன்விளிம்புப் பெயின்ட் உரிந்துபோனது. வழி தெரியாமல் அக்யாபுக்கே திரும்பிவிட்டார்கள்.

நம் ஊர் மழையை அறிந்தவர்கள் படிக்க வேண்டிய பக்கங்கள் இவை. வழியில் எழுதிய குறிப்புகளை அவ்வப்போது அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டே வந்ததால்தான் நமக்குக் கிடைத்தன. பட்னம் பதிப்பாளர், அந்த வருடமே அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அச்சில் வந்த வரியை அப்படியே அமீலியாவின் வரி என்று மேற்கோள் காட்டும் முன், மூலக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவர் காணாமல்போன மர்மத்துக்கு இந்தக் காகிதங்களில் விடை உண்டா?

இல்லை. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைத்தான் கேட்டன, அதில் எனக்கு வருத்தம் உண்டு. முப்பத்தொன்பது வருடம் வாழ்ந்த ஒருவரை ஜூலை 2 என்ற ஒரே நாளாகச் சுருக்கிவிடுகிறோம். அந்த நாளைத் தேடுபவர்கள் மற்றவர்களின் காகிதங்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் அடுத்து இறங்க வேண்டியிருந்த ஹவ்லாண்ட் தீவில் காத்திருந்த இடாஸ்கா என்ற அமெரிக்கக் கப்பலின் ரேடியோ பதிவேடு ஒன்று. அவர்கள் கடைசியாகக் கிளம்பிய நியூகினியின் லே ஊரில், கினி ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் மேலாளராக இருந்த எரிக் சேட்டர் எழுதிய நீண்ட கடிதம் இன்னொன்று. சுமார் 1,100 கேலன் பெட்ரோலுடன் அவர்கள் கிளம்பியது அதில் இருக்கிறது.

அப்படியானால் எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

1928. பாஸ்டனில் சமூகப் பணியாளராக இருந்தவர், அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்த முதல் பெண் ஆகிறார், அதுவும் ஓட்டுநராக அல்ல, பயணியாக. 20 மணி 40 நிமிடம். அந்த நேரத்தில் அவர் செய்தது குறிப்பு எழுதியதுதான். விளக்கு இல்லாத இருட்டில், வரி எங்கே தொடங்குகிறது என்று இடது கட்டைவிரலால் அடையாளம் வைத்துக்கொண்டு எழுதினார்.

கிளம்பும் முன் பெற்றோருக்கு இரண்டு கடிதங்கள் எழுதி வைத்தார், இறந்தால் கொடுப்பதற்காக. ஜெயித்திருக்கலாம், ஆனாலும் செய்தது வீண் இல்லை என்று அப்பாவுக்கு. நம் குடும்பம் அளவுக்கு மீறிப் பாதுகாப்பைத் தேடும் குடும்பம் என்று அம்மாவுக்கு. பிறகு 1932இல் தனியாகவே அட்லாண்டிக்கைக் கடந்த கதைக்கு வாருங்கள். அந்த மனம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியும்.

என் தாத்தா விமானப்படையில் இருந்தார். அவர் கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. என்ன செய்யட்டும், அக்கா?

லேமினேட் செய்துவிடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசி, கிளிப் இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். கடிதத்தையும் அதன் உறையையும் பிரிக்காதீர்கள். தேதி பெரும்பாலும் உறையின் தபால் முத்திரையில்தான் இருக்கும். அவர் அடுக்கி வைத்த வரிசையைக் கலைக்கும் முன் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். கடிதத்தில் வரும் பெயர்கள் யார் யார் என்று பாட்டியிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.