சிலாப் போட முன்னும் கரண்ட் கொடுக்க முன்னும்: புதிதாக மேற்பார்வைக்கு வரும் எலக்ட்ரீஷியனுக்கு

கேள்வி: நான் கிண்ணியாவைச் சேர்ந்தவன். 11 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன், பெரும்பாலும் வீடுகள்தான். இப்போது நிலாவெளியில் மூன்று மாடி விடுதி ஒன்று கட்டுகிறார்கள். அங்கே கரண்ட் வேலைக்கு ஆறு பேரை என் பொறுப்பில் விட்டிருக்கிறார் கொந்தராத்துக்காரர். அதில் இரண்டு பேர் வயதிலும் அனுபவத்திலும் என்னைவிட மூத்தவர்கள். பத்து நாளில் முதலாவது சிலாப் (கொங்கிறீட் தளம்) போடப் போகிறார்கள். சித்திரையில் சீசன் தொடங்க முன் திறக்க வேண்டும் என்று விடுதி முதலாளி அவசரப்படுத்துகிறார். எனக்கு வேலை செய்யத் தெரியும், வேலை வாங்கிப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, உங்களை அந்த இடத்தில் வைத்தது ஆறு பேரையும்விட நீங்கள் கெதியாக வயர் இழுப்பீர்கள் என்பதற்காக இல்லை. "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல ஒருவர் தேவை, அந்த ஆள் நீங்கள். அதைக் கட்டாயம் சொல்ல வேண்டிய நேரங்கள் ஒரு கட்டடத்தில் இரண்டு: கொங்கிறீட் விழ முன், கரண்ட் ஏற முன். இடையில் நடக்கும் பிழைகளில் பலவற்றைப் பிறகும் திருத்தலாம். இந்த இரண்டு இடத்தில் விட்ட பிழை ஒன்று கட்டடத்துக்குள் புதைந்துபோகும், அல்லது ஒருவரின் உயிரை எடுக்கும்.

பத்து நாளில் சிலாப் என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம். வீட்டு வேலையில் சுவரை வெட்டிக் குழாய் பதித்துப் பழகியவர்கள் சிலாப்பையும் அதே கண்ணால் பார்ப்பார்கள். சுவரை இன்னொரு முறை வெட்டலாம். சிலாப்பை வெட்டினால் கம்பி அறுபடும், எஞ்சினியர் விடவும் மாட்டார். அதனால் கம்பி கட்டும் பாஸிடம் இன்றைக்கே போய்க் கதையுங்கள். கீழ்க்கம்பி கட்டி முடித்து மேல்கம்பி போட முன் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சில இடங்களில் அரைநாள்தான். அது எப்போது என்று முந்தியே தெரிந்தால் குழாய், பெட்டி, பசை எல்லாம் மேலே ஏற்றித் தயாராக நிற்கலாம்.

பலகையடித்து முடிந்ததும், கம்பி வர முன்பே, ஒவ்வொரு லைட், ஃபேன் பெட்டியின் இடத்தையும் பலகையில் பெயின்டால் குறித்துவிடுங்கள். அளவைத் தூணின் முகத்திலிருந்து இரண்டு பக்கமாக எடுங்கள். பலகையின் விளிம்பிலிருந்து எடுத்தால் பிறகு கூரையில் லைட் வரிசை கோணும். பெட்டிக்குள் காகிதமோ ஸ்பொஞ்சோ இறுக்கி அடைத்து, வாயை டேப்பால் மூடி ஆணியடியுங்கள். குழாய் பலகையில் படுக்கக்கூடாது. கீழ்க்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் நடுவில் கட்டப்பட்டு நிற்க வேண்டும். பொருத்து ஒவ்வொன்றுக்கும் பசை பூசியே ஆகவேண்டும். பசையில்லாமல் செருகிய பொருத்து, கொங்கிறீட்டை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டர் பட்டதும் கழன்று, சீமெந்துப் பால் உள்ளே போய் இறுகிவிடும். வளைவுக்கு ஸ்பிரிங் போட்டு வளையுங்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குள் 90 பாகை வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். வயர் இழுக்கும் நாளில் பொடியன்மார் உங்களை வாழ்த்துவார்கள்.

எல்லாக் குழாயும் வந்து கூடும் டி.பி. (பிரேக்கர்கள் பூட்டும் பெட்டி) பக்கத்தை நீங்களே குனிந்து பாருங்கள். ஏழெட்டுக் குழாயை ஒட்டி ஒட்டிப் படுக்கவைத்தால் அந்த இடத்தில் கொங்கிறீட் இறங்க வழியில்லை, சிலாப் பலவீனமாகும். இடைவெளி விட்டுப் பிரித்துக் கொண்டுவாருங்கள். பீம் வழியாகவோ தூண் வழியாகவோ குழாய் கொண்டுபோக வேண்டுமென்றால் எஞ்சினியரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

விடுதி என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடலைப் பார்த்து வெளியே நீட்டிய பால்கனிகள் இருக்கும். நீட்டிய சிலாப்பைத் தாங்குவது மேல்கம்பிதான். பெட்டி வைக்க வசதியாக அதை மிதித்துக் கீழே அமுக்கிவிட்டால், பலகை கழற்றும் நாளிலோ பிறகோ பால்கனி விழக்கூடும். கரண்ட் வேலைக்காரர் காலால் கட்டடத்துக்கு வரும் கேடு இது. உங்கள் ஆட்களிடம் இதைக் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரிந்தவன் மிதிக்க மாட்டான்.

கொங்கிறீட் போடும் நாளில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் மேலே நிற்கவேண்டும், கையில் பசை, கப்ளர், வெட்டிய குழாய்த் துண்டுகளுடன். வைப்ரேட்டர் பட்டு ஒரு குழாய் உடைந்தால் அந்த நிமிடமே நிறுத்தித் திருத்துங்கள். கலவை காய்கிறது என்று சத்தம் போடுவார்கள். போடட்டும். ஐந்து நிமிடம் நிறுத்தாவிட்டால் ஒரு அறைக்கே லைட் குழாய் இல்லாமல் போகும். கொங்கிறீட்டுக்கு முதல் நாள், அளவு நாடாவைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு பகுதியையும் ஃபோனில் படமெடுங்கள். நாளைக்கு ஏ.சி. மாட்டுபவர் எங்கே துளை போடலாம் என்று கேட்கும்போது அந்தப் படம்தான் பதில். பலகை கழற்றியதும் எல்லாக் குழாயிலும் இழுகம்பி விட்டுப் பாருங்கள். அடைப்பைச் சாந்து பூச முன்பே கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது, இப்போதே சைட்டில் ஓடும் தற்காலிகக் கரண்ட். ஆளை அடிப்பது பெரும்பாலும் இதுதான். பாஸ்மார் கிரைண்டர் ஓட்டும் மூலைக்குப் போய்ப் பாருங்கள். பிளக் இல்லாத வயரின் இரண்டு நுனியையும் உரித்து, 13 அம்பியர் சொக்கெட்டின் ஏர்த் ஓட்டைக்குள் ஒரு குச்சியைக் குத்தி மூடியைத் திறந்து, வயரைச் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். அந்த மெஷினுக்கு ஏர்த்தும் இல்லை, ஃபியூஸும் இல்லை. உடனே கழற்றுங்கள். கழற்றிவிட்டு ஏசாதீர்கள், ஒரு பிளக்கைப் பூட்டிக் கொடுங்கள். ஒரு பெட்டி நிறைய 13 அம்பியர் பிளக் வாங்கி வைக்கச் சொல்லிக் கொந்தராத்துக்காரரிடம் கேளுங்கள். மேசன், தச்சன், தண்ணீர் மோட்டார்க்காரன் யார் வந்தாலும் உங்களிடம் வாங்கிப் பூட்டலாம் என்றால் குச்சி தானாகவே மறைந்துவிடும்.

தற்காலிக போர்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். காலையில் வேலை தொடங்க முன் அதன் டெஸ்ட் பட்டனை ("T" என்று இருக்கும்) அமர்த்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றைக்கு அந்த போர்டில் வேலை இல்லை. ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதை விட்டு நேராகக் கொடுத்துவிட யாராவது கேட்பார்கள். அது விழுவது எங்கோ கசிவு இருப்பதால். கசிவைத் தேடுங்கள்.

இந்த ட்ரிப் சுவிட்ச் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் ஆட்களுக்குக் கணக்காகவே காட்டலாம். இங்கே கட்டடத்துக்குக் கட்டடம் நாமே ஏர்த் கம்பி அடிக்கிறோம். கம்பியின் ஏர்த் தடை 100 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் ஒரு மெஷினின் உடம்புக்குக் கரண்ட் ஏறினால் மண்ணுக்குப் போவது 2.3 அம்பியர்தான். 6 அம்பியர் பிரேக்கரே அதற்கு அசையாது. மெஷின் உடம்பு கரண்டோடு காத்திருக்கும், தொடும் கைக்காக. அதை அறுப்பது 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான். அதோடு நம்முடைய மண்ணையும் பாருங்கள். திருகோணமலை நகரில் உவர்மலைப் பக்கம் பாறை, கம்பி இறங்காது. நிலாவெளியில் மேல்மணல், கச்சான் காற்று வீசும் மாதங்களில் நன்றாகக் காய்ந்துவிடும். மாரி மழைக்குள் அளந்த ஏர்த் அளவை நம்பி இருக்காதீர்கள். கம்பியை ஈரமணல் வரை இறக்குங்கள். ஒன்று போதாவிட்டால், கம்பியின் நீளத்தைவிடக் குறையாத தூரத்தில் இன்னொன்றை அடித்து இணையுங்கள். வறண்ட காலத்தில் ஒருமுறை திரும்ப அளவுங்கள். உப்புக் காற்றில் இரும்பு ஆணியும் கிளாம்பும் பூத்துப் போகும், இணைப்புகளுக்குப் பித்தளையோ செம்போ பாவியுங்கள்.

சாரக்கட்டு எழ முன் தலைக்கு மேல் பாருங்கள். பக்கத்தில் மின்சார லைன் போகுமானால், கொந்தராத்துக்காரர் இப்போதே மின்விநியோகம் செய்யும் நிறுவனத்துக்கு எழுதவேண்டும். 33,000 வோல்ட் லைனை கம்பி தொடத் தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். நீளக் கம்பியை மேலே தூக்கும் ஆட்கள் உங்கள் ஆட்கள் இல்லைதான். ஆனாலும் அதைச் சொல்லத் தெரிந்த ஆள் அந்தச் சைட்டில் நீங்கள்.

இனிக் கரண்ட் ஏறும் நேரம். மூன்று மாடியில் ஒருவர் கீழே சுவிட்சைப் போட, இன்னொருவர் மேலே வயரை உரித்துக்கொண்டிருப்பார். "போடாதே" என்று கத்திச் சொல்லி வேலை செய்யும் பழக்கத்தை முதல் நாளிலேயே நிறுத்துங்கள். மிக்ஸர் ஓடும் சைட்டில் சத்தம் கேட்காது. ஆளுக்கொரு சின்னப் பூட்டு கொடுங்கள். எந்த சர்க்கியூட்டில் கை வைக்கிறாரோ அந்த பிரேக்கரை அவரே விழுத்தி, அவரே பூட்டி, சாவியைத் தன் பொக்கெட்டில் போடவேண்டும். அந்தப் பூட்டை நீங்களும் திறக்கக்கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டை ஒன்றும் தொங்கட்டும். நம்முடைய சைட்களில் இரண்டு மொழிக்காரரும் நிற்பார்கள். அப்புறம், டெஸ்டர் ஸ்குரூ டிரைவரை நம்பிக் கை வைக்கவேண்டாம். இரண்டு முனை உள்ள டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில். நடுவில் டெஸ்டர் பழுதானால் மூன்றாவது பார்வையில்தான் தெரியும்.

கட்டடம் முழுவதற்கும் கரண்ட் கொடுக்க முன் ஏர்த் தொடர்ச்சி, போலாரிட்டி (ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறவில்லையா என்பது), மெகர் (வயர் உறையின் காப்பை அளப்பது) மூன்றையும் கரண்ட் இல்லாமலே பார்த்து முடிக்கவேண்டும். மெகர் 500 வோல்ட்டில். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கரண்ட் கொடுக்க முடியாது. புது வயரிங் அதைவிட எவ்வளவோ கூடக் காட்டவேண்டும், 1 மெகா ஓமை ஒட்டியே வந்தால் எங்கோ ஈரமோ நசிந்த வயரோ இருக்கிறது. எல்.ஈ.டி., ஏ.சி. போர்டு எல்லாம் கழற்றியபின் அளவுங்கள், இல்லாவிட்டால் அவை பழுதாகலாம். கரண்ட் கொடுத்தபின் ட்ரிப் சுவிட்சுகளை மீட்டரால் பார்க்கவேண்டும். கடைசியில் ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்பார்கள். நீங்கள் கண்ணால் பார்க்காத அளவுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள், சித்திரை பிறந்தாலும் சரி.

மூத்தவர்கள் இருவரைப் பற்றிச் சொன்னீர்கள். அவர்களுக்கு உங்களைவிடத் தெரிந்த வேலை இருக்கும். மெயின் டி.பி.யையும் மாடிக்கு மாடி ஏறும் கேபிளையும் ஒருவரிடம் முழுதாக ஒப்படையுங்கள். மற்றவரோடு ஆக இளைய பொடியனைச் சேர்த்துவிடுங்கள். எதையும் முடிவெடுக்க முன் "அண்ணன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று மற்றவர்கள் முன்னால் கேளுங்கள். பிழை சொல்வதென்றால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் அனுபவமே அவர்களை ஏமாற்றும்: நிறம். மூன்று ஃபேஸ் வேலையை அவர்கள் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு என்று படித்தவர்கள். புதிய கேபிளில் பிரவுன், கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். கறுப்பைக் கண்டதும் நியூட்ரல் என்று கை போகும். முதல் கேபிள் வந்திறங்கும் நாளில் ஒரு துண்டை வெட்டி, உரித்து, பெயர் எழுதி டி.பி. அறைச் சுவரில் கட்டித் தொங்கவிடுங்கள். யாரையும் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லவேண்டிய தேவை வராது.

சம்பளம் பொயின்ட் கணக்கு (லைட், சொக்கெட் ஒன்றுக்கு இவ்வளவு) என்றால் எல்லாரும் பறப்பார்கள். பெட்டிக்குள் வயரை நசித்து மூடுவதும், ஸ்குரூவை அரைகுறையாக முறுக்குவதும் அப்படித்தான் வருகிறது. பத்துப் பெட்டிக்கு ஒன்றையாவது திறந்து, வயரைக் கையால் இழுத்துப் பாருங்கள். திறந்து பார்ப்பார் என்று தெரிந்தாலே வேலை மாறும். முதல் மாதத்தில் பிளையரைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்து பார்ப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். கை சும்மா இருப்பது கஷ்டம்தான், ஆனால் நீங்கள் ஒரு பெட்டிக்குள் தலை வைத்திருக்கும்போது மற்ற ஐந்து இடத்தை யார் பார்ப்பது?

ஆறு பேரில் இரண்டு பேருக்காவது நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கத் தெரியவேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவி பழக்குகிறது. ஒருவரைக் கரண்ட் பிடித்தால் அவரைத் தொட முன் சுவிட்சை விழுத்துங்கள், பிறகு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். நிலாவெளியிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரி 15 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அம்புலன்ஸ் வரும்வரை அமுக்கிக்கொண்டிருக்க ஆள் தேவை.

உங்களுக்கென்று ஒரு விஷயம். ஆறு பேரின் பெயரும் உங்கள் பெயரும் ஊழியர் சேமலாப நிதியில் போகிறதா என்று கொந்தராத்துக்காரரிடம் முதல் மாதமே கேளுங்கள்: உங்கள் பங்கு 8 வீதம், அவர் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு அவர் தனியாக 3 வீதம். 11 வருட அனுபவத்துக்குத் தாள் எதுவும் இல்லாவிட்டால், வகுப்பில் முதலிலிருந்து இருக்கத் தேவையில்லை. வேலை தெரிந்தவர்களை மதிப்பிட்டே என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. நைட்டா (அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் விசாரியுங்கள், நான்காம் மட்டத்துக்குப் போடுங்கள். மதிப்பிட வருபவர் செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார். சைட் படங்களையும் டெஸ்ட் தாள்களின் பிரதிகளையும் இன்றைக்கே ஒரு ஃபைலில் போடத் தொடங்குங்கள்.