கால் வைக்க முடியாம ஃப்ளோர் கொதிக்குதா? மேட் போடுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில பாருங்க

கேள்வி இதுதான்: "பத்து வருஷத்துக்கு மேல ஓடின பெட்ரோல் கார். ஒரு மணி நேரம் ஓட்டினா போதும், முன் சீட் ரெண்டுக்கும் நடுவுல கியர் பக்கம் ஃப்ளோர் கொதிக்குது, செருப்பில்லாம கால் வைக்க முடியல. அடியில லடலடன்னு சத்தம் வருதுன்னு போன தடவை சர்வீஸ்ல ஒரு தகரத்தைக் கழட்டிட்டாங்க. இப்போ கார்பெட்டுக்கு அடியில தடிமனா ஃபோம் ஷீட் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. போடலாமா? சைலன்சர் பைப்புக்கு துணி மாதிரி ஒண்ணு சுத்துறாங்களே, அது பெட்டரா?"

ஷீட் போடலாம், ஆனா அது கடைசி வேலை. நீங்க போற போக்குல சொன்ன அந்தத் தகரம்தான் இங்க முக்கியமான விஷயம். அது ஹீட் ஷீல்டு. சைலன்சர் பைப்புக்கும் ஃப்ளோருக்கும் நடுவுல கம்பெனியே வச்சு அனுப்புறது, சத்தம் போடுதுன்னு கழட்டி எறியுற சாமான் இல்ல அது. போல்ட் ஓட்டை துருப்பிடிச்சு பெருசாயிடும், தகடு ஆட ஆரம்பிக்கும், சத்தம் வரும், கழட்டிட்டா சத்தம் நின்னுடும், கஸ்டமருக்கும் சந்தோஷம். சூடு மட்டும் உள்ள வர ஆரம்பிச்சிடும்.

ஒரு தகரம் அப்படி என்ன பண்ணிடும்னு தோணலாம். வண்டி ஓடுறப்போ, புகையைச் சுத்தம் பண்ண சைலன்சர் பைப்புல இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள சாதாரணமாவே 400 டிகிரியில இருந்து 800 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு இருக்கும், வேலை செய்ய ஆரம்பிக்கவே அதுக்கு 250, 300 டிகிரி வேணும். இந்தச் சூடு ஃப்ளோருக்கு பெரும்பாலும் கதிர்வீச்சா வருது, வெயில் நம்ம மேல அடிக்கிற மாதிரி, தொடாமலே. இந்த வகை சூடு டிகிரி ரெண்டு மடங்கானா தானும் ரெண்டு மடங்காகுறதோட நிக்காது, 300 டிகிரியில இருக்கிற பைப் 600 டிகிரிக்குப் போச்சுன்னா அது வீசுற சூடு அஞ்சு மடங்குக்கு மேல போயிடும். பளபளப்பான அலுமினியம் இந்தக் கதிர்ல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல திருப்பி அனுப்பிடும், மிச்சத்தை தகட்டுக்கும் ஃப்ளோருக்கும் நடுவுல ஓடுற காத்து அள்ளிட்டுப் போயிடும். அதனாலதான் மெல்லிசா ஒரு தகடு செய்யுற வேலையை உள்ள போடுற தடிமனான ஷீட் செய்யாது, ஷீட்டுக்குச் சூடு வந்து சேர்றப்பவே ஃப்ளோர் கொதிச்சு முடிஞ்சிருக்கும்.

ஆனா ஷீல்டை மாட்டுறதுக்கும் முன்னாடி ஒண்ணு பாக்கணும், வர்ற சூடே அளவுக்கு மேல வருதா? ஷீல்டு கழட்டின நாள்ல இருந்துதான் கொதிக்குதுன்னா காரணம் தெளிவு. அதுக்கு முன்னாடியே சூடு கூடிட்டு வந்துச்சு, பிக்கப்பும் குறைஞ்சிருக்கு, ஐடிலிங்ல வண்டி உதறுதுன்னா ஷீல்டை மறந்துட்டு எஞ்சினைப் பாருங்க. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆச்சுன்னா, அதாவது அதுல பெட்ரோல் சரியா எரியலன்னா, எரியாத பெட்ரோல் நேரா கன்வெர்ட்டருக்குப் போய் அங்க எரியும், கன்வெர்ட்டர் 1000 டிகிரியைத் தாண்டி செக்கச்செவேல்னு ஆகிடும், இருட்டுல குனிஞ்சு பாத்தா வெளியில இருந்தே தெரியும். செக் எஞ்சின் லைட் நிலையா எரியாம விட்டு விட்டு மின்னுச்சுன்னா அதுக்கு அர்த்தம் இதுதான், ஓரமா நிறுத்திடுங்க, அப்படியே ஓட்டிட்டே வீட்டுக்குப் போயிடலாம்னு நினைக்காதீங்க. பிளக், காயில், இன்ஜெக்டர் இதுல எதுன்னு பாத்து சரி பண்ணாம எத்தனை ஷீல்டு போட்டும் பிரயோஜனம் இல்ல. இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடுற நேரம், ரொம்ப லேட்டா இருந்தாலும் சரி, கன்வெர்ட்டர் உள்ள அடைச்சிருந்தாலும் சரி, இதே மாதிரி சூடு ஏறும். டீசல் வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை, புகையில வர்ற கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிறப்போ கொஞ்ச நேரம் 600 டிகிரி பக்கம் போகும், அது நார்மல், அந்த நேரத்துல காஞ்ச புல்லு மேல மட்டும் நிறுத்தாதீங்க.

அடுத்தது லீக். இதை நான் சூட்டுக்காக மட்டும் சொல்லல. சைலன்சர் ஜாயின்ட்ல, கேஸ்கெட்ல, அந்த வலை பின்னின ஃப்ளெக்ஸ் பைப்புல ஓட்டை இருந்தா கொதிக்கிற புகை நேரா ஃப்ளோர்ல அடிக்கும், அதோட கார்பன் மோனாக்சைடும் உள்ள வரும், அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. ஓட்டுறப்போ தலைவலி, தூக்கக் கலக்கம், கண்ணாடியை இறக்கினா சரியாகுதுன்னா இன்னைக்கே பாருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. வண்டி முழுசா ஆறின பிறகு டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டா பாருங்க, லீக் இருக்கிற இடத்துல துருவோட பழுப்பு நிறத்துக்கு நடுவுல கரிக்கோடு விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும், விரலால தொட்டா கருப்பா ஒட்டும். சந்தேகமா இருந்தா சோப்புத் தண்ணியை ஜாயின்ட்ல அடிச்சுட்டு ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, பைப் சூடாகுறதுக்குள்ள நுரை பொங்குற இடம் காட்டிக்கொடுத்துடும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகவே போகாதீங்க, ஸ்டாண்ட் வச்சு, வீல் நகராம கட்டை வச்சுட்டுப் போங்க. மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓட விட்டுப் பாக்கவும் வேண்டாம்.

அடியில இருக்கிறப்போ சைலன்சரைத் தாங்குற ரப்பர் ஹேங்கரையும் பாத்துடுங்க, ஒண்ணு அறுந்தாலும் பைப் ஒரு பக்கமா சாஞ்சு ஃப்ளோரை ஒட்டிடும். துருப்பிடிக்காம இருக்க அடியில கருப்பு கோட்டிங் அடிக்கிறாங்களே, அது ஷீல்டு மேலயோ பைப் மேலயோ பட்டிருக்கான்னும் பாருங்க, பளபளப்பு போன தகடு சூட்டைத் திருப்பாது, குடிக்கும், பைப்ல பட்டது கருகி நாறும்.

இதெல்லாம் சரியா இருந்தா ஷீல்டுக்கு வரலாம். உங்க மாடலுக்குன்னு வர்ற ஷீல்டே கிடைச்சா அதைத்தான் வாங்கணும், வளைவு, ஓட்டை எல்லாம் அளவா இருக்கும். கழட்டின பழசு இன்னும் கைவசம் இருந்து ஓட்டை மட்டும்தான் பெருசாயிருக்குன்னா அதைத் தூக்கிப் போட வேண்டாம், பெரிய எவர்சில்வர் வாஷரை ரெண்டு பக்கமும் குடுத்து போல்ட்டை இறுக்கினா சத்தமும் போயிடும் தகடும் நிக்கும். பைப்பையே கவ்வி நிக்கிற வகை ஷீல்டுன்னா நீளமான ஸ்டீல் ஓஸ் கிளாம்ப் ஒண்ணு சுத்தி இறுக்குறது பல ஒர்க்‌ஷாப்ல பண்றது, நல்லாவே தாங்கும். எதுவும் கிடைக்கலன்னா அலுமினியம் தகடு வாங்கி அடிச்சுக்கலாம், ஆனா அலுமினியம் 660 டிகிரியில உருகிடும், அதனால தகடு கன்வெர்ட்டரைத் தொடவே கூடாது. பைப்புக்கும் தகடுக்கும் ரெண்டு மூணு சென்டிமீட்டர், தகடுக்கும் ஃப்ளோருக்கும் குறைஞ்சது ஒரு விரல் தடிமன் இடைவெளி விடுங்க. இந்த ரெண்டாவது இடைவெளியிலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, தகட்டை ஃப்ளோரோட ஒட்டி அறைஞ்சுட்டா காத்து போக வழியில்லாம தகட்டோட சூடு அப்படியே ஃப்ளோருக்கு ஏறிடும். இடைவெளிக்கு வைக்கிற புஷ் எவர்சில்வரா இருக்கட்டும், அலுமினியத்தை விட ரொம்பக் கம்மியா சூட்டைக் கடத்தும். தகட்டோட முன்பக்கமும் பின்பக்கமும் திறந்தே இருக்கணும். பிரேக் பைப், பெட்ரோல் லைன், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் பல வண்டியில அந்த டனல் (ஃப்ளோருக்கு நடுவுல மேடா இருக்கிற பகுதிக்கு அடியில உள்ள பள்ளம்) வழியாத்தான் போகும், துளை போடுறதுக்கு முன்னாடி மேல என்ன போகுதுன்னு பாத்துட்டு போடுங்க.

பைப்புக்குத் துணி சுத்துறதைப் பத்தி. அது கண்ணாடி நார்லயோ எரிமலைப் பாறை நார்லயோ நெய்யுறது, சூட்டைக் குறைக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா தினமும் ஓட்டுற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். மழைத் தண்ணியை உறிஞ்சி வச்சுக்கும், சாதாரண இரும்பு பைப் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு இத்துப் போகும், ஓட்டை விழுந்தாலும் வெளியில தெரியாது. எஞ்சின் ஆயில் சொட்டி அதுல ஊறிச்சுன்னா தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு. கன்வெர்ட்டர் மேல சுத்தவே சுத்தாதீங்க, அதோட சூடு வெளியேற வழியில்லாம உள்ள இருக்கிற தேன்கூடு மாதிரி கட்டையே பாழாகும்.

இப்போ உள்ள வாங்க. கியர் லீவருக்குக் கீழ இருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க, கியர் பக்கம்னு நீங்க குறிப்பா சொல்றதால கண்டிப்பா பாக்கணும், கன்சோலைக் கழட்டினா தெரிஞ்சிடும், அந்தக் கிழிசல் வழியா டனல்ல இருக்கிற சூடான காத்து நேரா மேல வரும். ஒயர் வர்ற ஓட்டைகள்ல குரோமெட், அதாவது ஓட்டையை அடைக்கிற ரப்பர் வளையம், இல்லாம இருந்தாலும் இதே கதைதான். இதை அடைச்ச பிறகும் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தா அப்போ ஷீட் போடுங்க, பிட்டுமன் (தார்) ஷீட் வேண்டாம், சூட்டுல இளகி நாறும். பியூட்டைல் (ரப்பர் வகை) ஷீட்டும் அதுக்கு மேல ஃபோமும் மத்த இடத்துக்கு ஓகே, ஆனா கன்வெர்ட்டருக்கு நேர் மேல இருக்கிற இடத்துல மட்டும் இவ்வளவு டிகிரி தாங்கும்னு அட்டையில போட்டிருக்கிற செராமிக் நார் மேட்டை வைங்க, அதை வெட்டுறப்போ கிளவுஸும் மாஸ்க்கும் கட்டாயம். கார்பெட் ஈரமா இருந்தா நல்லா காய வச்சுட்டுத்தான் மூடணும்.

வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சு ஃப்ளோரை ஒரே இடத்துல அளந்து வைங்க. அளக்குற இடத்துல கார்பெட்டை விலக்கிட்டு கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிட்டு அது மேல காட்டுங்க, பளபளன்னு இருக்கிற உலோகத்து மேல நேரா காட்டினா சூட்டைக் கம்மியா காட்டும், அதை நம்பி வேலை முடிஞ்சதுன்னு நினைச்சிடுவோம். வண்டியை நிறுத்தின சில நிமிஷம் கழிச்சு ஒரு தடவை அளங்க, ஓடுறப்போ அடியில அடிக்கிற காத்து நின்னதும் சூடு மேல ஏறும், உச்சம் அப்போதான் தெரியும். ஒரு வாரம் ஓட்டின பிறகு, வண்டி ஆறியிருக்கிறப்போ, ஷீல்டு போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிடுங்க, சூடாகி ஆறி சூடாகி ஆறி முதல் சில நாள்ல அது கொஞ்சம் தளரும்.