‘தோசா’ ஒருமை, ‘தோசை’ பன்மை

வணக்கம்.

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களை நான்தான் எழுதித் தருவேன். லீவுக்கு வந்த ஒன்பதாம் வகுப்புப் பேத்தி, எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் என்னை 140 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டாள். க்யூ-ஐ, இசட்-ஏ, எக்ஸ்-யூ என்று இரண்டிரண்டு எழுத்தாக வைத்துக்கொண்டே போனாள். “அர்த்தம் சொல்லு” என்றேன். “தெரியாது தாத்தா, ஆனா செல்லும்” என்றாள். இதெல்லாம் ஆங்கிலமா? நானும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? செய்தால் ஆங்கிலம் வளருமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வளராது. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்று ஒரு நியூசிலாந்துக்காரர், ஸ்கிராபிளில் பலமுறை உலக சாம்பியன். 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி சாம்பியன் போட்டியிலும் அவர்தான் ஜெயித்தார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சுமார் ஒன்பது வாரத்தில், ஆட்டத்தில் செல்லும் சொற்களின் பட்டியலைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். 2024-இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அதே கதை. ஆகவே பேத்தியிடம் அர்த்தம் கேட்டு மடக்க முடியாது. அவளுக்கு அவை சொற்களே அல்ல, சில்லறைக் காசு. காசில் யார் தலை இருக்கிறது என்று பார்த்தா செலவழிக்கிறோம்?

ஆங்கிலமா என்றால், அகராதியில் ஏறிவிட்டதால் ஆங்கிலம்தான். க்யூ-ஐ சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி. எக்ஸ்-யூ வியட்நாமின் பழைய சில்லறை நாணயம். இசட்-ஏ என்பது பீட்சாவின் வால். அமெரிக்க இளவட்டங்கள் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் சொன்னார்கள், அதுவும் ஏறிவிட்டது. இரண்டு ‘ஏ’ சேர்ந்தால் ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை.

நீங்கள் தோற்ற காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. கடிதம் எழுதிய கை நீளமான சொல்லைத் தேடும். நானும் அப்படித்தான். ஒருமுறை க்யூவை வைத்துக்கொண்டு ‘யூ’ வரும், வரும் என்று ஆட்டம் முழுக்கக் காத்திருந்தேன். மொத்தமே நான்கு யூதான். எல்லாம் எதிராளி கையில். ஆட்டம் முடியும்போது கையில் மிஞ்சிய க்யூவுக்காக 10 புள்ளியைக் கழித்தார்கள். க்யூ-ஐ தெரிந்திருந்தால் பத்து நிமிடம் முன்பே தொலைத்துத் தலைமுழுகியிருப்பேன்.

இரண்டெழுத்தின் உண்மையான பலம் அதன் மதிப்பெண்ணில் இல்லை, ஒட்டுவதில் இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டி வைத்தால், தொட்டுக்கொள்ளும் ஒவ்வொரு ஜோடியும் செல்லுபடியாகும் சொல்லாக இருக்க வேண்டும். அந்த ஜோடிகள் தெரிந்தவருக்குப் பலகையில் இடமே தீராது. ஒரு கணக்கு பாருங்கள். வைக்கும் எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டம் ஒன்று காலியாக இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் ஏ, மேலே ஓ. அங்கே ஒரே ஒரு எக்ஸை வையுங்கள். குறுக்கே ஏ-எக்ஸ், நெடுக்கே ஓ-எக்ஸ், கோடரியும் காளையும். எக்ஸின் 8 மும்மடங்காகி 24, ஏவுக்கு 1, ஆக 25. நெடுக்கிலும் அதே 25. ஒரு வில்லைக்கு 50 புள்ளி! கையிலிருக்கும் ஏழு எழுத்தையும் ஒரே வீச்சில் இறக்குகிறவருக்குக் கிடைக்கும் போனஸும் அதே 50தான். இங்கே எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சொல்லை வைத்தே அது வந்துவிட்டது.

இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர். நாளிதழின் முதல் பக்கத்தை விரித்துவைத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கையால் எண்ணித்தான் வில்லைகளைப் பங்கிட்டார். அதனால்தான் ‘ஈ’ 12, க்யூவும் இசட்டும் ஒவ்வொன்று. ஆனால் எஸ் விஷயத்தில் மட்டும் மனுஷர் வேண்டுமென்றே கையைச் சுருக்கிக்கொண்டார்: நான்கே நான்கு. இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் எஸ் போட்டுப் பன்மையாக்கியே காலம் தள்ளிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். எஸ் கைக்கு வந்ததும் ஐந்து புள்ளிக்குச் செலவழிப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சரி, மனப்பாடம். இரண்டெழுத்துச் சொற்கள் அமெரிக்கப் பட்டியலில் 100-க்குச் சற்று மேல், பிரிட்டிஷ் பட்டியலில் 120-க்குச் சற்று மேல். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. மீதியை ஒரு வாரத்தில் முடிக்கலாம். அப்புறம் யூ இல்லாத க்யூ சொற்கள். ஏமனில் மெல்லும் இலை, ஈரானின் சுரங்கக் கால்வாய் என்று கையளவுதான். அதற்கு மேல் எட்டெழுத்துப் பட்டியல்களை விற்கிறவர்களிடம் போகாதீர்கள். ஒளிந்திருக்கும் சொல்லை ஊகிக்கும் இணைய ஆட்டமான வேர்டிலுக்கும் இதே சொற்கள் உதவும் என்று எண்ணவும் வேண்டாம். அங்கே விடைகளாக வருபவை அன்றாடம் புழங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள். உங்கள் வங்கி ஆங்கிலம் அங்கேதான் செல்லும்.

பட்டியலுக்குள் நம் வீட்டுச் சாமான்களும் கிடக்கின்றன. சுருட்டு, கட்டுமரம், இட்லி எல்லாம் செல்லும். பிரிட்டிஷ் பட்டியலில் ஒரு வேடிக்கை: ‘தோசா’ ஒருமையாம், அதன் பன்மை ‘தோசை’யாம். காலையில் இரண்டு தின்றால்தான் தோசை போலிருக்கிறது.

இன்னொன்று, திருச்சிக்காரரான உங்களுக்கென்றே. கல்லணையை வெள்ளைக்காரர்கள் ‘கிராண்ட் அணிகட்’ என்று எழுதினார்கள் அல்லவா? நம் அணைக்கட்டு அப்படியே ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது. பிரிட்டிஷ் பட்டியலில் செல்லும். ஏ, என், ஐ, சி, யூ, டி. வெறும் எட்டுப் புள்ளிதான், ஆனாலும் வையுங்கள். அப்படி ஒரு சொல்லே இல்லை என்று பேத்தி நிச்சயம் சேலஞ்ச் செய்வாள். எந்தப் பட்டியலை வைத்து ஆடுகிறாள் என்பதை மட்டும் ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.