சிறுகதையின் முரணையும் உச்சத்தையும் மாணவர்க்குப் புரியவைப்பது எப்படி?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். முரண் (கதையில் எதிரெதிராக நிற்கும் விருப்பங்களின் மோதல்), உச்சம் (அந்த மோதல் முற்றித் திரும்பும் இடம்) ஆகியவற்றுக்கு விளக்கம் கேட்டால் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தேர்வில் பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்கள். கதை எழுதச் சொன்னால் மட்டும் முரண் அடிதடியாகவும் உச்சம் விபத்தாகவும் வந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உச்சத்தை ‘கிளைமாக்ஸ்’ என்ற சொல்லாக உங்கள் மாணவர்கள் திரைப்படத்திலிருந்து அறிந்திருக்கிறார்கள், வகுப்பில் அது, கதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டக் கரும்பலகையில் வரையும் முக்கோணத்தின் உச்சிப் புள்ளியாகிவிடுகிறது. அந்த முக்கோணம், குஸ்தாவ் பிரைடாக் என்ற ஜெர்மானியர் ஐந்து அங்க நாடகங்களின் அமைப்பை விளக்க 1863இல் வெளியிட்டது. அங்கே உச்சம் நடு அங்கத்தில் வரும். நான்கு பக்கச் சிறுகதையிலோ அது பெரும்பாலும் கடைசிப் பத்திகளில்தான் வருகிறது. எனவே முக்கோணத்தைச் சில நாள் ஒதுக்கிவையுங்கள்.

உங்கள் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான விளக்கம் நம்மிடமே இருக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகக் கதை வளரும் விதத்தை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐந்து சந்திகளாக, அதாவது கட்டங்களாக, பிரித்து, உழுத புழுதியில் இட்ட வித்து முளைப்பது, இலை விட்டு நாற்றாவது, கருக்கொண்டு பொதிந்து நிற்பது, கதிர் திரண்டு முற்றுவது, அறுத்துப் போரிட்டுத் தூற்றி உண்டு மகிழ்வது என ஒவ்வொன்றையும் பயிரின் பருவத்தோடு ஒப்பிடுகிறார். டெல்டாவில் பிறந்த பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம்.

தொண்டைக்கதிர்ப் பருவத்தில், அதாவது கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் பொதிந்து நிற்கும் நாட்களில், தண்ணீர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேளுங்கள். “பதராப் போயிடும் டீச்சர்” என்று வயல் வேலை தெரிந்த பிள்ளை ஒன்றாவது சொல்லும். அதற்கு முன்பு ஒரு தண்ணீர் தவறினாலும் பிறகு ஓரளவு தேற்றிவிடலாம்; அந்தச் சில நாட்களில் தவறியதை மீட்க முடியாது. கதையின் உச்சமும் அப்படிப்பட்ட இடமே. பாத்திரம் ஒன்றைச் செய்துவிடுகிறது, அல்லது செய்யாமல் விட்டுவிடுகிறது. அதன்பின் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை.

அடுத்த நாள் ஒரு கதையைப் பாதி சொல்லி நிறுத்துங்கள். தை மாதம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28 அன்று மூடிவிடுவார்கள் என்பதால் வாய்க்காலில் வருவது கடைசித் தண்ணீர். இன்றிரவு முறை நம் வீட்டுக்கு. “விடியிற வரைக்கும் மடையை விட்டு நகராதே” என்று அப்பா மகனிடம் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கீழ்வயலில் நிற்பது அவனுடைய நண்பன் வீட்டுத் தாளடி, அதாவது இரண்டாம் போக நெல். மண் வெடித்துக் கிடக்கிறது, பயிர் தொண்டைக்கதிரில் நிற்கிறது. நள்ளிரவில் நண்பன் வந்து வரப்பில் உட்காருகிறான். எதுவும் கேட்கவில்லை, வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இங்கே நிறுத்தி, யார்மீது தப்பு என்று கேளுங்கள். யார்மீதும் இல்லை என்பதை மாணவர்களே கண்டுகொள்ளும்போது முரண் பிடிபட்டுவிடும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, தண்ணீரோ ஒரு வயலுக்குத்தான் போதும். கதையில் வில்லனைத் தேடும் பழக்கம் அன்றைக்கே குறையத் தொடங்கும். அதன் பிறகு, மடையைக் காக்கும் மகன் என்ன செய்தான் என்பதை மட்டும் ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாணவன், அவன் மடையில் ஒரு சாண் அளவுக்கு மண்ணை வெட்டிவிட்டான் என்று எழுதலாம், இன்னொருத்தி அவனைத் தூங்குவதுபோல் நடிக்க வைக்கலாம். இரண்டுமே உச்சம்தான். முடிவுக்கு இரண்டு வரி போதும். காலையில் அப்பா மண்வெட்டியில் ஒட்டியிருக்கும் ஈரச் சேற்றைப் பார்க்கிறார், கழுவிச் சுவரில் சாத்துகிறார்.

நிச்சயம் நான்கைந்து பேராவது ‘அப்போது திடீரென்று மழை பெய்தது’ என்று எழுதுவார்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மழையோ புயலோ விபத்தோ கதைக்குள் சிக்கலைக் கொண்டுவரலாம். அதை அவிழ்க்க வரக்கூடாது. மழை பெய்துவிட்டால் அந்தப் பையன் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, கதையும் அங்கேயே பதராகிவிடும். ‘கண் விழித்துப் பார்த்தேன், எல்லாம் கனவு’ என்பதும் இதே குறைதான்.

திருத்தும்போது சிவப்பு மையை எடுக்காமல், பென்சிலைப் பிள்ளைகளிடமே கொடுத்து, தம் கதையில் எந்த வரிக்குப் பிறகு திரும்ப முடியாது என்று தோன்றுகிறதோ அந்த வரியின் கீழ்க் கோடிடச் சொல்லுங்கள். கோடிட இடம் கிடைக்காதவர்களின் கதையில் நிகழ்ச்சிகள் இருக்கும், முரண் இருக்காது. அவர்களிடம் கதையை முழுதாகத் திருப்பி எழுதச் சொல்ல வேண்டாம், “உன் ஆளுக்கு என்ன வேண்டும், அதை அடைய அவன் எதை இழக்க வேண்டும்?” என்ற ஒரே கேள்வியை நோட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். விடை கிடைத்ததும் எந்தப் பத்தியை மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.